கிரேன் அக்காவும் சாத்த முடியாத கதவும்

அச்சகத்தில் அவளை எல்லோரும் கிரேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எடை நாற்பத்திரண்டு கிலோ, அதுவும் மழையில் நனைந்து வந்து நின்றால். மின்விசிறியை வேகமாக வைத்தால் மேஜையைப் பிடித்துக்கொள்வாள். அப்படிப்பட்டவளுக்கு இந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்றால், எல்லாம் குடோன் கதவால் வந்த வினை.

எட்டு வருடத்துக்கு முன் வேலை கேட்டு வந்தபோது முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். குடோன் நடுவில் ஒரு பேப்பர் ரோல் கிடந்தது. அவளைப் போல் ஏழு பேர் எடை இருக்கும்.

"இதை அந்த மேடை மேல ஏத்தணும். உன்னால ஆகுமாம்மா?"

"ஆகும். கதவைச் சாத்திட்டு வெளியே நில்லுங்க. யாராவது பார்த்துட்டே நின்னா எனக்குக் கை ஓடாது."

வெறும் கூச்சம்தான், வேறொன்றுமில்லை. கதவு சாத்தியதும் நீளமான பலகை ஒன்றை மேடையில் சாய்த்துப் போட்டாள். கயிற்றின் ஒரு முனையை மேடைத் தூணில் கட்டி, ரோலுக்கு அடியில் விட்டுச் சுற்றி எடுத்து, மேடையில் நின்றபடி மறுமுனையை இழுத்தாள். ரோல் சமர்த்தாக உருண்டு மேலே வந்தது. பிறகு பலகையை ஓரமாக வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு பழக்கம்.

முதலாளி வாயைப் பிளந்தார். "தூக்கிட்டியா?"

"மேலதானே இருக்கு."

இது பொய்யில்லை. உண்மையும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டவள் எட்டு வருடமாக வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் வேலை செய்யும்போது குடோன் கதவைச் சாத்துவது அச்சகத்தின் சட்டமாகிவிட்டது. புகழும் வளர்ந்தது. மூடி திறக்காத டப்பாக்கள் எல்லாம் அவளிடம்தான் வரும். "உள்ள போய்த் திறந்துட்டு வரேன்" என்று போய், மூடியின் ஓரத்தில் கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்பிவிட்டு வருவாள். பஞ்சரான லாரியை அக்கா இடது கையால் தூக்கிப் பிடித்ததைக் கண்ணால் பார்த்ததாக பைண்டர் சத்தியம் செய்வார். அன்றைக்கு அவர் லீவு.

"உண்மையைச் சொல்லித் தொலையேன்" என்பார் வீட்டில் அவள் கணவர். அவர் தையல்காரர், ஊசியைத் தவிர எதையும் தூக்காதவர்.

"சொன்னா, 'பலகையும் கயிறும் போதும்னா நீ எதுக்கு'ன்னு அனுப்பிடுவார். அப்புறம் என் உடம்பைப் பார்த்து யாருங்க எனக்கு வேலை குடுப்பா?"

அவளுக்கு உண்மையாகவே பயம். அந்த வேலை அவளுக்கு உயிர்.

ஒருநாள் காலை புதிய கட்டிங் மெஷின் வந்தது. ஒரு டன். கொண்டுவந்த லாரிக்காரர்கள் அதைப் பாதி உள்ளே, பாதி வெளியே என்று சரியாகக் குடோன் வாசலில் இறக்கிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கதவைச் சாத்த வழியில்லை. அச்சகமே திரண்டு வந்து வேடிக்கை பார்க்க வாகாக நின்றுகொண்டது.

"உள்ள தள்ளிடும்மா" என்றார் முதலாளி, காகிதத்தை நகர்த்தச் சொல்வது போல.

அக்கா கதவைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். "எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க" என்றாள்.

மூடிக்கொண்டார்கள். முதலாளி முதற்கொண்டு பதினாறு பேர், பட்டப்பகலில், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். இதைவிடக் கேவலமான காட்சியை அந்தத் தெரு பார்த்ததில்லை.

அவள் பூனை போல நடந்து கடப்பாரையை எடுத்து மெஷினுக்கு அடியில் கொடுத்தாள். கடப்பாரைக்குக் கீழே, மெஷினை ஒட்டி, ஒரு செங்கல்லை வைத்தாள். அழுத்தினாள். மெஷினின் ஒரு முனை எழுந்தது. காலால் ஒரு கட்டையை அடியில் தள்ளினாள்.

பைண்டருக்கு எதையும் அடக்கத் தெரியாது. ஒரு கண்ணைத் திறந்தார். "அக்கா, அது கடப்பாரைதானே?"

முப்பத்திரண்டு கண்களும் திறந்தன.

"இவ்வளவுதானா?" என்றார் முதலாளி. "இதை நானே செய்வேனே. நீ நகரு."

வேலை போயிற்று என்றே அக்கா முடிவு கட்டிவிட்டாள்.

முதலாளி மறுமுனைக்குப் போனார். கடப்பாரையைக் கொடுத்து, செங்கல்லைத் தனக்கு வசதியாகத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழுத்தினார். மெஷின் அசையவில்லை. கோபம் வந்து எம்பிப் படுத்தார். வயிறு கடப்பாரையின்மேல், கால்கள் அந்தரத்தில், கொடியில் காயப்போட்ட போர்வை மாதிரி தொங்கினார். பைண்டர் ஓடிப்போய் முதலாளியின் மேல் படுத்தார். மெஷினுக்கு இது எதுவும் தெரியவே இல்லை.

"இறங்குங்க ரெண்டு பேரும்" என்றாள் அக்கா. செங்கல்லைக் காலாலேயே மெஷினை ஒட்டித் தள்ளினாள். கடப்பாரையின் நுனியில் ஒரு கையை வைத்து அழுத்தினாள். ஒரு டன் எழுந்தது.

முதலாளி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எட்டு வருஷமா எங்களை ஏமாத்திட்டியேம்மா."

"நான் பலசாலின்னு ஒருநாளும் சொல்லலை சார். நீங்கதான் சொல்லிக்கிட்டீங்க."

அவர் செங்கல்லைப் பார்த்தார். தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். "சரி, இதை உள்ள தள்ளிட்டு, நாளைக்கு மேல் மாடியில இருக்கிற பழைய மெஷினையும் நகர்த்திடு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

மெஷினை உருட்டிக்கொண்டு போக அடியில் கொடுப்பதற்கு அக்கா இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாக இழுத்து வந்தாள். மூன்றாவது குழாயில் மூச்சு வாங்கியது. மறைக்க இனி ஒன்றுமில்லை என்பதால் நன்றாகவே வாங்கினாள்.

பைண்டர் கிட்டே வந்தார். "அக்கா, அந்தப் பக்கம் நான் பிடிக்கட்டுமா?"

எட்டு வருடத்தில் இந்த அச்சகத்தில் ஒருவர்கூட அவளை இப்படிக் கேட்டதில்லை. லாரியையே தூக்குகிறவளுக்கு யார் கை கொடுப்பார்கள்? அவள் பக்கத்தில் கிடந்த ஒரு பேப்பர் ரோல்மேல் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பிடி" என்றாள். "செங்கல்லை மட்டும் தொடாதே."