வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம்

தையல்காரம்மாவுக்கும் வெல்டருக்கும் கல்யாணம் நடந்தபோது இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். இருவரும் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் அவர் மாதா கோயிலைச் சேர்ந்தவர். அவளோ முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபை. வேறு மதத்தில் கட்டியிருந்தால்கூட இவ்வளவு பேச்சு வந்திருக்காது என்று வெல்டர் சிரிப்பார்.

அந்தப் பேச்சை அவர்கள் வீட்டுக்குள் விடவில்லை. படுக்கப் போகுமுன் இருவரும் மகளை நடுவில் உட்காரவைத்து, கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சேர்ந்தே சொல்வார்கள். அவர் ‘தந்தை’ என்பார், அவள் ‘பிதா’ என்பாள். அவளுடையதில் கடைசியில் ஒரு வரி கூடுதல் என்பதால் அவருடையது முதலில் முடிந்துவிடும். அவளுடையது முடியும்வரை கண்ணைத் திறக்கமாட்டார்.

“உங்க சபைக்கு எப்பவுமே வாய் நீளம்.”

“உங்க கோயிலுக்கு எப்பவுமே வீட்டுக்குப் போற அவசரம்.”

முன்னறைதான் அவளுடைய தையல்கடை. ஊரின் மூன்றாவது சபையான மணிக்கூண்டு சர்ச்சைச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி அங்கே சட்டை அளவு கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் மகன் லாரியில் அடிபட்டுவிட்டான் என்று போன் வந்தது. நர்ஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தைத்த துணி வாங்க வந்திருந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்து, யார் எந்தச் சபை என்று பார்க்காமல், அவளைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார்கள். பையன் பிழைத்தான். அதன்பிறகு வெள்ளிக்கிழமை மாலைகளில் துணி வெட்டும் மேஜை சுவரோரம் போய்விடும். மூன்று சபைப் பெண்களும் பாயில் உட்கார்ந்து ஜெபித்தார்கள். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கோயில் பெண்ணொருத்தி ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தாள். மாதாவிடம் ஜெபிப்பதை ஏற்காத முழுக்குச் சபைப் பெண்ணொருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். அடுத்த ஞாயிறு அந்தச் சபையின் பாஸ்டர் பிரசங்கத்தில் யார் பெயரையும் சொல்லாமல், எல்லாருக்கும் புரிகிறமாதிரி பேசினார். அந்தப் பக்கம், தையல்கடையில் சபைக்கு ஆள்பிடிக்கிறார்கள் என்று யாரோ கோயில் ஃபாதர் காதில் போட்டார்கள். பாயில் இடம் காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியாக வராமல் நின்றவள் நர்ஸ்தான்.

“என் பையனுக்காக அழுதவங்கதான் எல்லாரும். ஆனா எங்க சர்ச் கமிட்டில ஏன் இங்க வர்றேன்னு என்னை நிக்க வச்சுக் கேக்குறாங்கக்கா.”

அதற்குள் வெல்டருக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. பேசவே மூச்சு வாங்கிய நாட்களில் மனைவியிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “என்னைப் புதைக்கிறப்போ ஃபாதர், பாஸ்டர் ரெண்டு பேரையும் கூப்பிடு. ஒருதடவையாவது ஒண்ணா நிக்கட்டும்.”

அவர் இறந்த அன்று ஃபாதர் உடனே ஒத்துக்கொண்டார். “வரட்டும்மா. கடைசில பாஸ்டரும் ஒரு ஜெபம் பண்ணட்டும்.”

பாஸ்டர் கல்நெஞ்சக்காரர் இல்லை. வெல்டருக்கு ஆஸ்பத்திரியில் கஞ்சி கொண்டுவந்து ஊட்டியவர். அவர் கண் கலங்கியிருந்தது.

“செத்தவங்களுக்காக ஜெபிக்கிற இடத்துல நான் நிக்க முடியாதும்மா. என் விசுவாசம் அது.”

“அவருக்காக வேணாம் பாஸ்டர். எனக்காக ஜெபிங்க. நான் உயிரோடதானே இருக்கேன்.”

 பாஸ்டர் கோயில் கல்லறைத் தோட்டம்வரை கூடவே நடந்து வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். சபை மக்களும் அவரோடு நின்றார்கள். மண் விழும் சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கும்.

பிறகு அவள் ஃபாதரிடம் போய், தனக்குக் கணவர் பக்கத்தில் இடம் கேட்டாள்.

“இது கோயில் மக்களுக்கு மட்டும்னு கமிட்டி முடிவும்மா. நீங்க இங்க சேர்ந்துட்டீங்கன்னா ஒரு பிரச்சினையும் இல்ல.”

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். “நான் நம்பித்தான் முழுக்கு எடுத்தேன் ஃபாதர். அது ஒண்ணுமில்லன்னு பொய் சொல்லி அவர் பக்கத்துல படுத்தா, அவரே தள்ளிப் படுத்துக்குவாரு.”

ஃபாதர் சிரிக்க முயன்றார், வரவில்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் கிளம்புகிற நாளில் கேட்டாள். “ரெண்டு பக்கமும் நல்லவங்கன்னுதானே சொல்வே? அப்ப ஏம்மா கேட்டுக்கு உள்ள வரல?”

அம்மா அவளுடைய பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“எனக்கு இனி ரெண்டுமே வேணாம்மா. ஞாயித்துக்கிழமை தூங்கிக்கிறேன்.” கோபமில்லாமல் சொன்னாள். கத்தியிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம் என்று அம்மா பிற்பாடு நினைத்துக்கொண்டாள்.

தையல்காரம்மா இன்றும் சபைக்குப் போகிறாள். பாஸ்டர்மீது கோபமில்லை, ஃபாதரைத் தெருவில் பார்த்தால் நின்று பேசுகிறாள். சபையின் இடுகாடு ஊரின் மறுகோடியில் இருக்கிறது. அங்கேதான் தன்னைப் போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை நர்ஸ் வந்தாள். உடம்பு இளைத்துவிட்டதால் சட்டையைப் பிடித்துத் தைக்க வேண்டும். இவள் அவளுடைய தோளிலும் இடுப்பிலும் அளவெடுத்தாள். செவ்வாய்க்கிழமை தந்துவிடுவதாகச் சொன்னாள். நர்ஸ் கொஞ்சநேரம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணி வெட்டும் மேஜை அறை நடுவிலேயே கிடந்தது. அவள் எழுந்து போனதும், இவள் ஊசியில் நூல் கோத்து மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.