தம்பியை ஜெயித்தவருக்காக ஒரு ஜெபம்

"இந்த முழங்காலக் கழட்டி அலமாரியில வச்சுட்டு நடக்க முடிஞ்சா எம்புட்டு நல்லா இருக்கும்!"

கிருபை அக்கா தினமும் காலையில் வாசல் தெளிக்கும்போது இதைத்தான் சொல்வாள். நான் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். அதனால் முதலில் என் காதில் விழும். "கழட்டிக் குடு, நான் மாட்டிக்கிடுதேன். எனக்குப் போனது இடுப்புதான்" என்பேன்.

முழுப்பெயர் தேவகிருபை. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வருஷக்கணக்காக நின்றே வேலை பார்த்தவள். முழங்காலில் பாதியை மில் தின்றது, மீதியை ஜெபம் தின்றது. வெறும் சிமெண்டுத் தரையில்தான் முட்டி போடுவாள். பாயைப் போட்டுக்கொள் என்றால், "ஏட்டி, மெத்தையில முட்டி போட்டா அது ஜெபமா?" என்று கேட்பாள்.

கல்யாணமாகிக் கொஞ்ச வருஷத்திலேயே புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. இருந்தது ஒரு தம்பி, தவசிங். அம்மா செத்தபோது அவன் கைக்குழந்தை. அக்காதான் வளர்த்தாள். மில் சம்பளத்தில் ஐ.டி.ஐ. படிக்க வைத்தாள், கல்யாணம் செய்து வைத்தாள். அவன் மகள் பெனிட்டாவுக்குத் தலை பின்னிவிட்டதெல்லாம் இவள்தான். தம்பி வீடு இரண்டு தெரு தள்ளி. ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கினால் முதல் கிண்ணம் அங்கே போகும்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. மார்கழியில் ஆண்டாளைப் பார்க்காமல் இருந்தது கிடையாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டு ஜெபக்கூட்டத்தில் கடைசியில் போய் உட்கார்ந்திருப்பேன். சுண்டலுக்காக வருகிறேன் என்று எமீமா கிண்டல் செய்வாள். ஆமாம், சுண்டலுக்கும்தான். இந்த எமீமா அக்காவோடு மில்லில் வேலை பார்த்தவள், சர்ச்சில் பக்கத்தில் உட்காருகிறவள். அக்காவுக்கு அவளைவிட நெருக்கமான ஆள் இல்லை.

அக்காவின் ஜெபத்தைக் கேட்க வேண்டும். பொத்தாம்பொதுவாக எல்லாரையும் காப்பாற்றும் என்று முடிக்க மாட்டாள். பெயர், தெரு, வீட்டுக் கேட்டின் நிறம் வரைக்கும் சொல்வாள். "ஆண்டவரே, லைன் வீட்டில நீலக் கேட்டு வச்ச வீட்டு ஆவுடையம்மாளுக்கு சுகரு குறையட்டும்" என்பாள். ஏன் இப்படி என்று கேட்டால், "அவருக்கு ஆயிரம் சோலி. நாமதான அட்ரஸச் சரியாச் சொல்லணும்" என்பாள். அந்த அறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அங்கே சொன்னது அங்கேயே இருக்கும். வெளியே போகாது. அதை நம்பித்தான் பெண்கள் அங்கே வாயைத் திறந்தார்கள். புருஷன் அடித்ததும் மருமகள் ஏசியதும் அங்கேதான் வெளியே வரும்.

நகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் கவுன்சிலருக்கு தவசிங் நின்றான். எதிரே நின்றவர் மர டிப்போ வைத்திருக்கும் விஜயபாண்டி. அக்கா அந்த முழங்காலோடு ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். விஜயபாண்டியை அவள் ஏசிய ஏச்சை இங்கே எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள். என் ஓட்டு யாருக்கு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். தவசிங் தோற்றான்.

அந்த ஞாயிறு சர்ச்சில் பாஸ்டர் அறிவித்தார். ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லி வேதத்தில் இருக்கிறது, நம் ஆள் அவர்கள் ஆள் என்று அதில் இல்லை, இந்த வாரம் எல்லா வீட்டுக் கூட்டத்திலும் புதிய கவுன்சிலருக்காக ஜெபிக்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை அக்கா வீட்டில் பெண்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள். தோற்றவனின் அக்கா வீட்டில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பேரை யார் எடுப்பது?

"ஏன் எல்லாரும் முழிக்கிய? நானே பண்ணுதேன்" என்று முட்டி போட்டாள் அக்கா.

"ஆண்டவரே, தேவகிருபை பேசுதேன். விஜயபாண்டிக்கு நான் ஓட்டுப் போடல. அது உமக்குத் தெரியும், இங்க இருக்கவங்களுக்கும் தெரியும். அவரு கட்சியும் எனக்குப் பிடிக்காது, அவரு பேச்சும் பிடிக்காது. நேத்து வரைக்கும் அவரு காலு ஒடியணும்னு நெனச்சேன். அத மன்னிச்சிரும்."

யாரோ சிரித்தார்கள். அக்கா நிறுத்தவில்லை.

"இப்ப அவருதான் ஜெயிச்சிருக்காரு. எங்க சாக்கடையும் குழாயும் இனி அவரு கையில. அதனால அவருக்கு நல்ல சுகத்தக் குடும். நல்ல புத்தியக் குடும். கூடச் சுத்துற திருட்டுப் பயலுவள விலக்கிப் போடும். ஏழ பாழ வந்து நின்னா எந்திரிச்சுப் பதில் சொல்லுத மனசக் குடும். அவரு நல்லா இருந்தாத்தான் எங்க தெரு நல்லா இருக்கும். விஜயபாண்டிய ஆசீர்வதியும் ஆண்டவரே."

பிடிக்காத ஒருவருக்காக இவ்வளவு மனசோடு ஒருத்தி கேட்டு நான் பார்த்ததில்லை. பிறகு தம்பிக்காக ஆரம்பித்தாள். தோற்ற அவமானத்தில் கிடக்கிறான் என்று தொடங்கியவள், அழுதபடியே அவனைப் பற்றி ஒரு விஷயத்தையும் சொல்லிவிட்டாள். அது என்ன என்று நான் எழுத மாட்டேன். கொலையும் இல்லை, களவும் இல்லை. வீட்டுக்குள் வைத்துத் தீர்க்க வேண்டியது, இப்போது தீர்ந்தும் விட்டது. ஆனால் அப்போது பெனிட்டாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே தெரிந்திருந்தால் அந்தப் பேச்சு அன்றைக்கே நின்றிருக்கும்.

எமீமாவுக்கு பைபிளே ஃபோனில்தான். அதனால் அவள் மடியில் ஃபோன் நிமிர்ந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்காரர் ஃபோனை நீட்டினார். முக்காடு போட்டு முட்டி போட்டிருக்கிறாள் அக்கா. "நல்ல சுகத்தக் குடும்" என்பதில் ஆரம்பித்து "ஆசீர்வதியும்" என்பதில் முடிகிறது. ஓட்டுப் போடவில்லை என்றதைக் காணோம். நடுவிலிருந்த திருட்டுப் பயல்களையும் காணோம். பின்னால் வயலின் அழுகிறது. மேலே பெரிய எழுத்தில், 'தோற்ற வேட்பாளரின் சொந்த அக்காவே எங்கள் அண்ணனுக்காக!' என்று போட்டிருந்தது. ஊரெல்லாம் போய்விட்டது.

தோற்றவனுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அக்கா கிடைத்தாள். சர்ச் ஓட்டையெல்லாம் அக்காதான் அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள், கூட நடந்ததெல்லாம் நடிப்பு என்று தவசிங் டீக்கடையில் உட்கார்ந்து பேசினான். அக்கா அவன் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவன் பெண்டாட்டி கேட்டைத் திறக்கவில்லை. "அவிய தூங்குதாக மதினி" என்றாள். உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது. அவன் இருமியதும் கேட்டது.

மறுநாள் அக்கா நேரே விஜயபாண்டியிடம் போனாள். அவர் மரியாதையாக எழுந்து நின்றார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"என் ஜெபத்த ஃபோன்ல இருந்து எடுத்துருங்கய்யா. அது ஆண்டவருகிட்டப் பேசுனது" என்றாள் அக்கா.

"நல்லதத்தானக்கா சொல்லியிருக்கீய. எனக்கு அது பெருமை. உங்களுக்கு அதுல என்ன நட்டம்?"

"எனக்குத் தம்பி நட்டம்."

பார்க்கிறேன் என்றார் அவர். அக்கா கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சினாள். பக்கத்தில் நின்றவன் அதை டக்கென்று ஃபோட்டோ எடுத்துவிட்டான். நாங்கள் வீடு வந்து சேரும்முன் அதுவும் வந்துவிட்டது. கவுன்சிலரை நேரில் சந்தித்து வாழ்த்தினாராம்.

"இன்னமும் இந்த ஆளுக்கு ஜெபம் பண்ணுவியா?" என்று கேட்டேன்.

"பண்ணுவேன். முன்னவிட இப்பத்தான் அவருக்கு ஜாஸ்தி தேவைப்படுது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் பண்ணணும்" என்றாள்.

எடுத்துக் கொடுத்தது எமீமா என்பது தெரியாமலா போகும்? அவள் மகனுக்கு நகராட்சிக் குப்பை வண்டியில் டிரைவர் வேலை கிடைத்தது. நன்றாகத்தான் ஓட்டுகிறான், குறை சொல்லவில்லை. ஒரு நாள் மத்தியானம் அவளே வந்தாள். அக்கா காலடியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

"முழு வீடியோவும் எங்கிட்ட இருக்குக்கா. உங்க தம்பிக்கே அனுப்பிருதேன், எல்லாருக்கும் அனுப்பிருதேன். நீங்க ஓட்டுப் போடலன்னு சொன்னது உலகத்துக்கே தெரியட்டும்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. "அனுப்புட்டி, மொதல்ல அதச் செய்" என்றேன்.

அக்கா அவளைப் பார்த்தாள். "அதுல என் தம்பியப் பத்திச் சொன்னதும் இருக்குல்லா?"

"அத வெட்டிட்டு அனுப்புதேன்."

"ஏற்கெனவே ஒரு தடவ வெட்டுன. அது போதும். அவனுக்கு மட்டும் அனுப்புனாலும் அது அவங்கூட நிக்குமா? எங்கூட நின்னுச்சா? என் கண்ணு முன்னால அழி."

எமீமா அழித்தாள். அழித்தது எங்கே போய் உட்காருமோ அங்கேயும் போய் அழிக்கச் சொன்னாள் அக்கா. அவள் பேரை மீட்க இருந்தது அது ஒன்றுதான். நான் கத்தினேன். "ஏட்டி நாராயணி, பெனிட்டாவுக்குப் பேசி முடிக்கிற நேரம். நீ செத்த நேரம் சும்மா இரு" என்றாள். எமீமாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். வைது அனுப்பியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

பெனிட்டாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை முடிவானது. ஒரு நாள் சாயங்காலம் தவசிங்கும் அவன் பெண்டாட்டியும் எங்கள் தெருவுக்குப் பத்திரிகை கொடுக்க வந்தார்கள். அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே அடுப்பில் பால் வைத்திருந்தாள், காபி போட. அவன் அந்த வாசலைத் தாண்டி என் வீட்டுக்கு வந்தான். "குடும்பத்தோட வந்துரணும்க்கா" என்று தட்டை நீட்டினான்.

"அடுத்த வீட்டுக்குப் பத்திரிகை இல்லையா?" என்றேன்.

"அவியளுக்குக் கவுன்சிலரு வீட்டுப் பத்திரிகையெல்லாம் வரும். நாங்க என்னத்துக்கு?"

எனக்கு வந்ததே கோபம். "ஏலே தவசிங், அன்னைக்கு அந்த ஜெபத்துல அவ உன்னப் பத்தி..."

"நாராயணி!" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா குரல். "வாய மூடு."

மூடினேன். மூடியிருக்கக்கூடாது என்று இன்றைக்கும் தோன்றுகிறது. பால் பொங்கி அடுப்பு நாறியது இங்கே வரைக்கும் வந்தது.

கல்யாணத்துக்கு நான் போனேன். சர்ச்சில் முதல் வரிசையில் யார் உட்கார்ந்திருந்தது தெரியுமா? விஜயபாண்டி. மண்டபத்தில் தவசிங் மைக்கைப் பிடித்து, எங்கள் அருமை அண்ணன் என்று கூப்பிட்டு, அவருக்குப் பொன்னாடை போர்த்தினான். மூன்று மாசமாக இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டார்களாம், பஸ் ஸ்டாண்டில் நகராட்சிக் கடை ஒன்று தவசிங் பேருக்குக் கைமாற வேண்டியிருந்ததாம். மேடையில் அத்தை நிற்க வேண்டிய இடத்தில் பெண்டாட்டி வகையில் ஒரு தூரத்துச் சொந்தம் நின்றது.

பந்தியில் அவனைப் பிடித்துக்கொண்டேன். "உங்க அக்கா இந்த ஆளுக்காக ஜெபிச்சான்னுதான வீட்டு வாசல மிதிக்கல. இப்ப நீயே பொன்னாட போர்த்துத?"

"அது அரசியல்க்கா."

"அப்ப அவ பண்ணது என்னது?"

"பாயசம் வைக்கச் சொல்லுதேன், சாப்பிட்டுப் போங்க" என்று நகர்ந்துவிட்டான். நான் பாயசம் வாங்கவில்லை.

பொன்னாடை ஃபோட்டோ எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட்டது. அக்கா அதைப் பார்த்திருந்தாள். "பிள்ளைக்கு முகம் தெளிவா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். இருந்தது என்றேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் இப்போது எமீமா வீட்டில் நடக்கிறது. பிரச்சினை வேண்டாம் என்று பாஸ்டரே மாற்றிவிட்டார். அங்கே நாற்காலியெல்லாம் போட்டிருக்கிறார்களாம். அக்கா தன் வீட்டில் வழக்கம்போல் பாயை விரிக்கிறாள், சுண்டல் அவிக்கிறாள், தரையில் முட்டி போடுகிறாள். நான் ஒருத்திதான் எதிரே. ஆனால் சத்தம் வருவதில்லை. பெயரும் தெருவும் கேட்டின் நிறமும் சொல்லி ஜெபித்தவளுக்கு உதடு மட்டும்தான் அசைகிறது. போன வாரம், "யாருக்காக்கா ஜெபிச்ச?" என்று கேட்டேன்.

"ஒன் ஃபோனு எங்க இருக்கு?" என்றாள்.

என்னைப் பார்த்துக் கேட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. ஃபோனைக் கொண்டுபோய் என் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு மெதுவாகச் சொன்னாள். "தவசிங்குக்கு. பொறவு விஜயபாண்டிக்கு. தெருவுக்கு லைட்டு போட்டாருல்லா, அதுக்கு நன்றி சொன்னேன்."

அதனால் சொல்கிறேன். ராஜபாளையத்தில் சத்திரப்பட்டி ரோட்டில் இறங்கி, மில்லில் வேலை பார்த்த தேவகிருபை வீடு என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போங்கள். நீங்கள் எந்தச் சாமி கும்பிட்டாலும் சரி, எந்தக் கட்சியானாலும் சரி. ஃபோனை என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள், நான் பத்திரமாக வைத்திருப்பேன். வீடியோவைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம், தம்பியை வையவும் வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. அவன் வருகிற வரைக்கும் அந்தப் பாயில் உட்கார ஆள் வேண்டும். வருகிறேன் என்று முன்கூட்டிச் சொன்னால் எதுக்கு வீண் சிரமம் என்பாள். சொல்லாமல் போய்க் கதவைத் தட்டுங்கள்.