வேம்புலியும் தொண்ணூற்றேழு டிகிரியும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் உலை பார்ப்பது வேம்புலியின் வேலை. பல்சக்கரங்களைச் சூடேற்றிக் கெட்டியாக்கும் உலை அது. எண்ணூற்று ஐம்பது டிகிரியில் நிற்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கால்மணிக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்துத் தாளில் எழுதுவான். பன்னிரண்டு வருடமாக எழுதுகிறான். அப்பேர்ப்பட்டவனைப் பாரிவாக்கத்து வீட்டில் ஒரு லேப்டாப், வெறும் தொண்ணூற்றேழு டிகிரியை வைத்துக்கொண்டு, படாதபாடு படுத்தியது.

கேம் ஆடுவதற்கென்றே கல்யாணத்துக்கு முந்தைய வருடம் வாங்கிய லேப்டாப். ஞாயிறு மாலை நான்கு மணி ஆனால் அவன் அதன் முன் உட்கார்ந்துவிடுவான். ஆவடியில் ஜன்னல் கண்ணாடி வேலை செய்யும் முகமது ஆசிக்கும், குமணன்சாவடியில் ஃப்ளாட் வாங்கிப் போய்விட்ட கோபியும் அவரவர் வீட்டிலிருந்தே இணைவார்கள். மூவரும் ஒரே அணி.

அந்த அணிக்கு வயது பதினெட்டு. பதினோராம் வகுப்பில் மூவரும் ஒரே பெஞ்சு. கரையான்சாவடி மெயின் ரோட்டில், மாடிப்படிக்குக் கீழே ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. பள்ளி விட்டதும் பையைக் காலடியில் தள்ளிவிட்டு அங்கே உட்காருவார்கள். ஆசிக் துப்பாக்கியோடு முன்னால் ஓடுவான், ஓடிய வேகத்தில் சாவான். கோபி கத்திக்கொண்டே இருப்பான். வேம்புலி மட்டும் ஒரு சுவருக்குப் பின்னால் பதுங்கி, மற்ற இருவரையும் காப்பாற்றப் பார்ப்பான். வெளியே வந்தால் தெரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒரே பாக்கெட் மசாலாக் கடலையைப் பிரித்துத் தின்றுகொண்டு, செத்தது யாரால் என்று சண்டை போட்டபடியே நடப்பார்கள். இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. பைக்கில் போகும்போதெல்லாம் வேம்புலியின் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

லேப்டாப் தொடர்ந்து மூன்று ஞாயிறு, ஆட்டத்தின் நடுவிலேயே அணைந்தது. விசிறி பிரஷர் குக்கர் மாதிரி இரையும், படம் விட்டுவிட்டு நகரும், சூடு தொண்ணூற்றேழு டிகிரியைத் தொட்டதும் திரை கறுத்துவிடும்.

"இன்னா மாமே, உன் பொட்டி மறுபடி மயக்கம் போட்ச்சா? சோடா வாங்கியாரட்டா?" என்று மூவரும் பேசும் போனில் ஆசிக் சிரித்தான்.

கோபி சிரிக்கவில்லை. "மச்சான், தப்பா நெனைச்சுக்காத. மாசக் கடைசில ஆன்லைன்ல ஒரு போட்டி கீது. மூணு பேர் டீம். எங்க ஃப்ளாட்ல ரோஹித்னு ஒர்த்தர் புதுசா குடி வந்துகீறாரு, சும்மா பின்றாரு. கடைசி ஞாயித்துக்கெயமைக்குள்ள நீ அத்த சரி பண்ணலன்னா, அவரு பேர குட்துர்றேன்."

வேம்புலி ஆசிக்கின் குரலுக்குக் காத்திருந்தான். ஆசிக் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. போட்டி போனால் போகட்டும். ரோஹித் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், ஞாயிறு நான்கு மணிக்கு வேம்புலியை யார் கூப்பிடப் போகிறார்கள்?

மறுநாளே கம்பெனித் தாளைப் போலவே கோடு போட்டு ஒரு தாள் தயாரித்தான். தேதி, நேரம், சூடு, என்ன மாற்றினோம். உலைக்காரர்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. தினமும் அரைமணி நேரம் ஒரே ஆட்டத்தை ஓட்டி, திரையின் மூலையில் தெரியும் சூட்டை எழுதினான். லேப்டாப்பின் பின்பக்கத்தைத் தண்ணீர் பாட்டில் மூடிகள் இரண்டின் மேல் தூக்கி வைத்தான்: தொண்ணூற்று மூன்று. ஒரு நொடிக்கு அறுபது படங்களுக்கு மேல் ஓடாதபடி கட்டுப்படுத்தினான்: எண்பத்தொன்பது. ஆட்டத்தில் விழும் நிழல்களை நிறுத்தினான்: எண்பத்தேழு.

சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. எதையும் மாற்றாமலே எண்பத்தொன்பது ஆயிற்று, தொண்ணூற்றொன்று ஆயிற்று. தாளை எதிரே வைத்து உற்றுப் பார்த்தபோதுதான் விசித்திரம் தெரிந்தது. மற்ற நாட்களில் சூடு அப்படியே நிற்கிறது. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஒரு படி ஏறுகிறது, ஏறினால் இறங்குவதில்லை.

செவ்வாய், வெள்ளியில் அப்படி என்ன? கரண்ட்டா? பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்களே, அந்தத் தூசியா? கொத்தனார் செவ்வாய், வெள்ளி பார்த்தா வேலை செய்வார்?

அடுத்த வாரம் அவனுக்கு இரண்டாம் ஷிப்ட். செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டில் இருந்தான். மனைவி தாட்சாயிணி எட்டு மாதக் குழந்தை மதிவதனிக்குத் தலைக்கு ஊற்றித் தூக்கி வந்தாள். பெண் பிள்ளைகளுக்கு எண்ணெய்க் குளியல் செவ்வாயும் வெள்ளியும்தானே? வீட்டில் புகை கலையாத அறை, லேப்டாப் இருந்த அந்த உள்ளறை ஒன்றுதான். மேசைக்குக் கீழே தணலில் சாம்பிராணி போட்டாள். குழந்தை அழாமலிருக்க மேசை மேல் இருந்த லேப்டாப்பில் பொம்மைப் பாட்டு ஓடவிட்டாள். பிறகு குழந்தையைக் குப்புறப் பிடித்து, ஈர முடியைப் புகையில் காட்டினாள்.

நேராக மேலே ஏற வேண்டிய புகை, மேசை விளிம்பில் வளைந்தது. கயிறு இழுத்தாற்போல லேப்டாப்பின் அடிவயிற்றுக்குள் போனது.

"இன்னாங்க அப்டி மொறைச்சிகினு நிக்கிறீங்க?"

"பொக எங்க போவுதுன்னு பாரு."

தாட்சாயிணி குனிந்து பார்த்தாள். "ஐயய்யோ, இதுவும் சேந்து சாம்பிராணி புடிக்குதா!" அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை குலுங்கியது. "பரவால்ல வுடுங்க. இனிமே அதுக்கு சளி புடிக்காது."

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது.

அன்றே அடிப்பலகைத் திருகுகளைக் கழற்றினான். விசிறிக்குப் பின்னால், காற்று வெளியேறும் மெல்லிய தகடுகளுக்கு இடையே, பிசினும் தூசியும் சேர்ந்து கறுப்புக் கம்பளி போல் படிந்திருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தான். அது மகளின் உச்சந்தலை போலவே மணத்தது. சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது; அதைத் துடைத்து, புதிதாக மிளகளவு வைத்து மூடினான். லேப்டாப்பை முன்னறைக்கு மாற்றினான். தாளில் எழுதினான்: எண்பத்தொன்று. வெள்ளிக்கிழமை தாண்டியும் எண்பத்தொன்று.

கடைசி ஞாயிறு வந்தது. முதல் ஆட்டம் நாற்பது நிமிடம் ஓடியது. லேப்டாப் ஒருமுறைகூடத் திணறவில்லை. அவர்கள்தான் திணறினார்கள். ஆசிக் ஓடிய வேகத்தில் செத்தான். கோபி கத்திக்கொண்டே செத்தான். சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த வேம்புலியை எவனோ முதுகில் சுட்டான். படுதோல்வி.

இத்தனை நாளும் தோற்றதற்கு லேப்டாப்பைக் காட்டியிருந்தார்கள். இப்போது காட்ட எதுவும் இல்லை.

"பொட்டி எவ்ளோ சூடுடா?" என்றான் கோபி.

"எண்பத்தொண்ணு."

"அப்போ மெஷின் மேல தப்பில்ல."

"இல்ல."

"மச்சான்," என்று இழுத்தான் கோபி, "பேர் குடுக்க இன்னிக்குத்தான் கடைசி. அந்த ரோஹித்து..."

ஆசிக் குறுக்கே வந்தான். "டேய் கோபி, ரோஹித் வந்தா கெலிச்சுருவோமா?"

"அவரு ஒர்த்தரு நல்லா ஆடினா போதுமா? நாம ரெண்டு பேரும் கீறோமே!"

"அப்புறம் இன்னாத்துக்கு? தோக்குறதுக்கு எதுக்குடா வெளியாளு? நாமளே போதும். வேம்புலி பேர எழுது."

மறுமுனையில் கோபி விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று பெயர்களையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து அனுப்பினான். அடுத்த ஆட்டம் தொடங்கியதும் வேம்புலி, "ஆசிக்கு, இந்தவாட்டியாச்சும் தனியா முன்னால ஓடாதடா" என்றான்.

"ஓடல மாமே" என்று சொல்லிக்கொண்டே ஆசிக் ஓடினான்.