மேசைக்குக் கீழே ஒரு விமானச் சொற்பொழிவு

நம் போர்க்காலம் முழுவதையும் கொழும்பில் புத்தகங்களோடு கழித்த எனக்கு, போர் விமானங்கள் என்றால் பைத்தியம். கிளிநொச்சி வாசகர் வட்டத்தில், இரண்டாம் உலகப்போரின் சண்டை விமானமொன்றை மிக உயரத்தில் பறக்கத் தயாராக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இறக்கை நுனிகளை நீட்டினார்கள், விமானியின் அறையைக் காற்றுப் போகாமல் அடைத்தார்கள் என்றெல்லாம் விளக்கிவிட்டு, அதன் சத்தத்தைக் கைபேசியிலிருந்து ஒலிபெருக்கியில் போட்டேன்.

கதிரைகள் சரிந்தன. முன்வரிசை முழுவதும் தரையில் கிடந்தது. தலைமை தாங்கிய அருள்மலர் ரீச்சர் என் சட்டையைப் பிடித்து மேசைக்குக் கீழே இழுத்தார்.

“ரீச்சர், இந்த விமானம் நாற்பதாயிரம் அடி...”

“உயரத்தைப் பிறகு கதைப்பம். குப்புறப் படுங்கோ. வாயைத் திறங்கோ, இல்லாட்டி காது கிழிஞ்சிடும்!”

“அது போன் சத்தம் ரீச்சர். நிப்பாட்டிப்போட்டு வாறன்.”

“எழும்பாதேங்கோ தம்பி! எழும்பின ஆக்கள்தான் செத்தவை.”

அவர் என் மணிக்கட்டை விடவில்லை. நான் எழும்பவில்லை. சத்தம் தானாக ஓயும்வரை இருவரும் வாயைத் திறந்தபடியே கிடந்தோம்.

விமானங்களைப் பற்றி நான் வாசித்த புத்தகங்கள் எல்லாமே விமானியின் இருக்கையிலிருந்து எழுதப்பட்டவை. அது அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.