ஊதா மூடிக் குழாய்

என் மேசையின் வலதுபுற இழுப்பறையில், ஒரு தீப்பெட்டிக்குள், சுண்டுவிரலில் பாதி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருக்கிறது. அடிப்பக்கம் கூம்பியது. மூடி ஊதா நிறம். சுற்றி ஒட்டிய வெள்ளை லேபிளில் எழுத்துகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. தொகுதி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. மற்றவற்றை நான் வாசிக்கத் தேவையில்லை. அந்த எண்ணை இருபத்திரண்டு காலைகளில், காலைக்கு ஒரு முறை, என் குறிப்புப் புத்தகத்தில் எழுதியவன் நான். குழாய் காலியானது. அதைக் குப்பைக் கூடையிலிருந்து நான் எடுத்து வந்தபோதும் காலிதான். ஆனாலும் அதைத் தொடும்போது விரல் நுனி குளிர்கிறது. மேசை வெயிலில் இருந்தாலும் குளிர்கிறது.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு நான் கரவனெல்லைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் இருந்த சிறிய ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். தோட்டத்துப் பழைய மருந்துச் சாலைதான் அப்போது ஆய்வுக்கூடமாகியிருந்தது. அங்கே டொக்டர் இருந்தார். அவர் மருத்துவர் அல்ல, ஆராய்ச்சியில் பட்டம் பெற்ற பெண்மணி. ஒரு நிர்வாக அதிகாரி இருந்தார். நான் இருந்தேன். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவ அக்கா இருந்தார். அக்கா என்று நான் மட்டுமல்ல, எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். ஐம்பதைத் தாண்டியவர், கணவரை இழந்தவர், இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் றப்பர் மரங்களில் பால் வெட்டியவர். றப்பர்ப் பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பது ஒரு நகத்தின் கனம்தான். அதற்கு மேல் போனால் மரத்துக்குக் காயம். கண்ணில் படலம் விழுந்து அந்தக் கனம் தெரியாமல் போனபோது, டொக்டர்தான் தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசி அவரை உள்ளே கொண்டுவந்தார். "கிளாஸ் கழுவக் கை போதும்ங்க தம்பி, கண்ணு வேணாம்" என்பார் அக்கா. அந்தத் தொட்டியும் குழாய்த் தண்ணீரும் இல்லையென்றால் தனக்கு வேறு வேலை இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஒரு முறை, நான் சேர்ந்த புதிதில், தேநீருக்குக் கேத்தலைச் செருகுவதற்காக அக்கா தவறுதலாகக் குளிர்பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டார். பங்கசு என்னும் பூஞ்சை வளர்த்த தட்டுகள் எல்லாம் கெட்டுப்போயின. யாரும் கண்டுபிடிக்கும் முன்பே அவர் டொக்டரின் அறைக்கு நேராகப் போய், "மெடம், நான்தாங்க கழட்டினேன்" என்று சொல்லிவிட்டு வந்து மறுபடி குடுவை கழுவத் தொடங்கினார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவருடைய கோப்பில் ஏறியது. அந்தக் கடிதத்தை இங்கே குறிப்பிடக் காரணம் இருக்கிறது.

டொக்டர் றப்பர் மரத்தின் இலையுதிர்வு நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். பங்கசு இலையில் வந்து இறங்கியதும் அந்தச் செய்தி கலத்தின் வெளிப்புறத்திலிருந்து உள்ளே போகவேண்டும். வரிசையாக நின்று தண்ணீர் வாளியைக் கைமாற்றுவதுபோல, ஒரு நொதியம் அடுத்ததைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்டுகிறது. எந்த மரத்தில் இந்தச் செய்தி விரைவாகப் போகிறதோ அது பிழைக்கும் என்பது டொக்டரின் எண்ணம். அதை அளக்க அளவுகோல் ஒன்று வேண்டும். செய்தி கடத்தும் நொதியத்தின் ஜீனை, அதாவது பரம்பரையலகை, வேறோர் உயிரின் கலத்துக்குள் சேர்த்து, அங்கே அதை உண்டாக்கி, சுத்திகரித்து, ஆய்வுக்கூடங்களுக்கென்றே வெளிநாட்டில் விற்கிறார்கள். மருந்தாகப் பயன்படாது, ஆராய்ச்சிக்கு மட்டும். டொக்டர் ஒரு வருடம் கடிதம் எழுதி அதில் ஒரு குழாயை வரவழைத்தார். உள்ளே ஐம்பது மைக்ரோலீற்றர், அதாவது ஒரு துளி. அந்தத் துளி வேலை செய்தால்தான் எங்கள் இலைகளிலிருந்து வரும் அளவுகளை நம்பலாம்.

அதை எடுத்துவரக் கொழும்புக்குப் போனவன் நான். திரும்பும்போது, கண்ணாஸ்பத்திரியில் வலது கண்ணுக்குச் சத்திரசிகிச்சை முடித்த அக்காவும் எங்கள் வேனில் ஏறிக்கொண்டார். பச்சைத் துணி மறைப்பு ஒன்று கண்மேல் தொங்கியது. அவிசாவளைக்கு முன்னால் சோதனைச் சாவடியில் வேனை நிறுத்தினார்கள். அந்த நாட்களில் தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையோடு ஒருவன் மடியில் ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப் பெட்டியை வைத்துக்கொண்டு போவதே போதுமான சந்தேகம். மூடியைத் திறந்ததும் உலர் பனிக்கட்டியிலிருந்து வெள்ளைப் புகை எழுந்தது. படைவீரர் இரண்டடி பின்னால் போனார். துப்பாக்கியின் வாய் உயர்ந்தது. எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் அந்த நிமிடத்தில் வாயிலிருந்து வந்தது ஆங்கிலம். 'என்சைம்' என்றேன். அவர் முகம் இன்னும் இறுகியது.

"ரப்பர் கஸ்வலட்ட பெஹெத், புத்தே" என்றார் அக்கா, பின் இருக்கையிலிருந்து. றப்பர் மரத்துக்கு மருந்து, மகனே.

மரத்துக்கும் நோய் வருத்தம் வருமா என்று படைவீரர் கேட்டார். அக்கா பச்சைத் துணியைத் தூக்கிக் கண்ணைக் காட்டிச் சிங்களத்திலேயே சொன்னார்: மரத்துக்கு வந்தால் மருந்து பிளேனில் வருகிறது, எனக்கு வந்தால் விடியற்காலையில் எழும்பி நான் போய்க் கியூவில் நிற்கிறேன். படைவீரர் சிரித்துவிட்டார். மூடியைத் தானே அழுத்தி மூடி, கையால் போகச் சொன்னார்.

"இங்கிலீசு பேசுற நேரமாங்க தம்பி அது?" என்றார் அக்கா. "நீங்க புள்ளகுட்டிக்காரரு. வாயத் தொறந்து ஒரு வார்த்த ஒழுங்கா சொல்லத் தெரியல."

டொக்டர் அப்போது வெளிநாட்டில் ஒரு கருத்தரங்கில் இருந்தார். தொலைபேசியில், "டீப் ஃப்ரீசர்ல வச்சிருங்க. நான் வந்துதான் சின்னச் சின்னதாப் பிரிக்கணும். அதுவரைக்கும் பத்திரம்" என்றார். பூச்சியத்துக்கு எண்பது பாகை கீழே குளிரும் பெட்டியின் இரண்டாம் தட்டில், இடது மூலையில் வைத்தேன். வைத்த நேரத்தையும் எழுதினேன்.

என் தந்தை தோட்டத்துக் களஞ்சியத்தில் இருந்தவர். காலையில் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன் அமிலப் பீப்பாய்கள், பால் வெட்டும் கத்திகள், வாளிகள் என்று ஒவ்வொன்றையும் கை வைத்துத் தொட்டுக்கொண்டு போவார். தோட்டத்துக் களஞ்சியக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் முறை. பீப்பாய் நிற்பதைப் பார்த்துவிட்டு எழுதி, பிறகு அது வெற்றுப் பீப்பாய் என்று தெரிந்து வேலை இழந்த ஒருவரின் கதையை அவர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். "கண்ணால பாத்து, கையால தொட்டு, பொறகுதான் எழுதணும்" என்பார். நான் வேறு எப்படியும் வேலை செய்யக் கற்றவனில்லை. காலை எட்டு மணிக்கு டீப் ஃப்ரீசரைத் திறப்பேன். சுவரில் தொங்கும் தாளில் வெப்பநிலையைக் குறிப்பேன்; பின்னேரமும் ஒரு முறை குறிப்பேன். பிறகு குழாயை எடுத்துக்கொண்டு, கழுவும் தொட்டியின் அருகிலுள்ள யன்னலுக்குப் போவேன். லேபிளை மூடியிருக்கும் உறைபனியைக் கட்டைவிரலால் துடைத்தால் எண் தெரியும். அதை என் சட்டைப்பைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவேன். குழாயைச் சாய்த்துப் பார்ப்பேன். அடியில் துளி மினுங்கும். 'பார்த்தேன், தொட்டேன், சரி' என்று எழுதி மீண்டும் வைத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் போனேன்.

தொட்டியில் அக்கா குடுவை கழுவிக்கொண்டிருப்பார்.

"புள்ளைய எழுப்பியாச்சுங்களா தம்பி?"

"எழுப்பியாச்சுக்கா."

"தூங்குற புள்ளைய தெனம் எழுப்பாதீங்க. எளைச்சுப் போயிரும்."

இருவரும் சிரிப்போம். அவர் இப்படிச் சொன்னது ஒரு நாள் அல்ல, பல நாள். அவற்றில் ஒன்றைக்கூட நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதவில்லை.

டொக்டர் திரும்பி வந்து பரிசோதனையைத் தொடங்கினார். ஒரு பருவம் முழுவதும் சேர்த்துவைத்த இலைச் சாறுகளெல்லாம் இரண்டே நாளில் தீர்ந்தன. அளவுகோலாக வைத்த துளியிலிருந்து ஒரு சைகையும் வரவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம், குழாயோடு வந்த தாளை மறுபடி வாசித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் அவர் சொன்னார்: "இது ஒரே தடவையில செத்தது இல்ல. உருகி, ஒறைஞ்சு, திருப்பி உருகி, திருப்பி ஒறைஞ்சு... ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கு. யாரோ பகல்ல ஃப்ரீசர நிப்பாட்டியிருக்காங்க."

என் கட்டைவிரல் சட்டைப்பையின் மேல் இருந்தது. உறைந்த துளி மினுங்காது. நான் தினமும் பார்த்த மினுக்கம் உருகிய துளியின் மினுக்கம். ஐம்பது மைக்ரோலீற்றர் உருக ஒரு நிமிடம்கூட வேண்டாம். மனிதக் கையின் சூடு போதும். இது எனக்கு அந்த இடத்திலேயே, முழுவதுமாக விளங்கிவிட்டது. பிறகு மெல்ல மெல்லத் தெரியவந்தது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

நிர்வாக அதிகாரி அடுத்த நாளே விசாரணை வைத்தார். பகலில் சுவர் பிளக்குகளைத் தொடுபவர் ஒருவர்தான், அவர் முன்பும் கழற்றியிருக்கிறார், அதை அவரே ஒப்புக்கொண்டதற்கான எச்சரிக்கைக் கடிதம் கோப்பில் இருக்கிறது என்பது அதிகாரியின் வாதம். விசாரணை சிங்களத்தில் நடந்தது. கேத்தல் பிளக்கை மட்டும்தான் கழற்றினேன், அந்தப் பெட்டியைத் தொடவில்லை என்றார் அக்கா. முன்பு தவறு செய்தபோது நானே வந்து சொன்னேனே, இப்போது செய்திருந்தால் சொல்லமாட்டேனா என்று கேட்டார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். வெப்பநிலையை எப்போது குறிப்பீர்கள் என்று கேட்டார்.

"காலையிலும் பின்னேரமும் மட்டும்தான் சேர். இடையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது."

நான் சொன்னதில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. அந்த வாக்கியத்தை எத்தனையோ முறை பிரித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு சொல்லும் சரி. குறிப்புப் புத்தகம் என் சட்டைப்பையில் இருந்தது. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப்பையைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். பல வருடம் சவர்க்காரத்தில் ஊறி வெளுத்த கைகள். இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அதிகாரி கேட்டதற்கு, இல்லை என்று தலையாட்டினார்.

அடுத்த வாரம் அவரை மறுபடி பால் வெட்டுக்கு அனுப்பினார்கள். இடது கண்ணில் படலம், வலது கண் இன்னும் ஆறவில்லை. ஆய்வுக்கூடத்துக்குப் போகும் குறுக்குப்பாதை அவருக்குப் பால் வெட்டக் கொடுத்த மலை வழியாகத்தான் போகிறது. முதல் மாதத்திலேயே மரங்களில் கத்தி ஆழமாக இறங்கிய தடங்கள் தெரியத் தொடங்கின. அந்த இடங்களில் பட்டை ஒழுங்காக மூடாது. கட்டிபோல வீங்கி நிற்கும். நான் நடக்கும்போது எண்ணுவேன். ஒரு வாரம் எண்ணிய பிறகு பிரதான வீதியால் சுற்றிப் போகத் தொடங்கினேன்.

ஒரு நாள் பால் நிறுக்கும் கொட்டகையில் நேருக்கு நேர் சந்தித்தோம். வாளியை இறக்கி வைத்துவிட்டு, கண்ணைச் சுருக்கி, யாரென்று அடையாளம் கண்டு சிரித்தார்.

"என்னங்க தம்பி, எளைச்சுப் போயிட்டீங்களே. ஒங்கள யாரு தெனம் எழுப்புறது?"

பின்னால் நின்ற பெண்கள் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். அக்காவுக்குத் தெரிந்திருந்ததா? விசாரணை அறையிலேயே தெரிந்திருந்ததா? அல்லது அது பழைய வேடிக்கை மட்டும்தானா? அவர் குரலில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை கடந்துபோக முடியவில்லை. நான் "வாறேன்க்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

டொக்டர் அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டு வேறு நாட்டுக்குப் போனார். அக்கா மகளோடு இரத்தினபுரிக்குப் போய்விட்டார். இரண்டாயிரத்து ஒன்பதில், போர் முடிந்து வீதிச் சாவடிகள் குறையத் தொடங்கிய சமயம், குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மாணிக்கக் கடைத் தெருவுக்குப் பின்னால், ஒரு வீட்டின் பின்பக்க அறை. மகள் கதவைத் திறந்தார். சுவரில் அக்காவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. மூன்று மாதமாகிறது என்றார். நான் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஒக்காருங்கண்ணே. அம்மா சொல்லியிருக்காங்க ஒங்களப் பத்தி. எதையும் தொட்டுப் பாக்காம எழுதமாட்டாருன்னு சொல்லிச் சிரிப்பாங்க."

தேநீர் குடித்தேன். குறிப்புப் புத்தகம் மடியில் இருந்தது. அதைத் திறக்கவில்லை. மகளுக்கு அதைச் சொல்வது எனக்கு ஆறுதலாக இருக்குமே தவிர அவருக்கு என்னவாக இருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணத்திலும் பொய்யான சொல் ஒன்றும் இல்லை.

அன்று சாவடியில் என்னைக் காக்க அக்கா முதலில் சொன்னது நாலே நாலு சொற்கள். விசாரணையில் அக்காவுக்காகச் சொல்ல என்னிடமும் அதே நாலு சொற்கள்தான் இருந்தன.

இன்று காலை எட்டு மணிக்கு இழுப்பறையைத் திறந்தேன். தீப்பெட்டியிலிருந்து குழாயை எடுத்து யன்னலுக்குக் கொண்டுபோனேன். கட்டைவிரலால் துடைத்தேன். மூன்று இலக்கங்கள். சாய்த்துப் பார்த்தேன், அடியில் எதுவும் மினுங்கவில்லை. பார்த்தேன். தொட்டேன். அதன் பிறகு, பழைய குறிப்புப் புத்தகத்தில், இருபத்திரண்டாம் நாளின் கீழே மிஞ்சியிருந்த வெற்று வரியில் எழுதினேன்:

தினமும் வெளியே எடுத்தவன் நான்.