நாடகம் என்று நான் சொன்ன மயக்கம்

இப்போதெல்லாம் பஸ்ஸில் கடைசி வரிசையில்தான் உட்காருகிறேன். வளைவுக்கு வளைவு தூக்கிப் போடுகிறது. யாரும் என்னை அங்கே அனுப்பவில்லை. முன்னால் உட்கார மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

செம்மேட்டில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சர்க்கரை மாத்திரைக்காக மாதம் ஒருமுறை நாமக்கல் போக வேண்டும். மலையிறங்க எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முன் சீட்டில் ஆட்டம் குறைவு, காற்றும் வரும். அதனால் அதைப் பார்த்ததும் பலருக்கு மயக்கம் வந்துவிடும். முந்தானையால் வாயைப் பொத்துவார்கள், எலுமிச்சம்பழத்தை மோந்து பார்ப்பார்கள், கண்ணைச் செருகுவார்கள். பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றுவலியைக் காலமெல்லாம் பார்த்தவன் என்பதால், எது நிஜம் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையைக் கண்டக்டர் விளையாட்டாக என்னிடம் கொடுத்திருந்தார். அதற்குக் கூலிபோல முன் சீட்டில் எனக்கு எப்போதும் ஓர் இடம்.

இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. உண்மையாகக் குமட்டுகிறவரைப் பார்த்தால் எனக்கும் வாயில் எச்சில் ஊறும், அடிவயிறு சுருங்கும். நடிப்பவரைப் பார்த்தால் ஒன்றும் ஆகாது. பிறர் வேதனையைத் தன்னுடையதுபோல் உணரும் இடம் மூளையில் இருக்கிறது, பொய்யான வேதனைக்கு அது அவ்வளவாக அசைவதில்லை என்று பிற்பாடு படித்தேன். என் வயிற்றுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

எங்கள் மலையிலேயே குண்டூர் நாடு என்ற பகுதியைச் சேர்ந்த பெண் ஒருவர் மிளகு மூட்டையோடு சோளக்காட்டில் ஏறுவார். ஐம்பது வயதிருக்கும். மயக்கம் வருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பிடிபட்டால் அவரே முதலில் சிரிப்பார்.

போன ஐப்பசியில் ஒரு காலை, ஏறும்போதே கம்பியைப் பிடிக்க அவர் கை இரண்டு முறை தவறியது. தலை சுற்றுகிறது, உட்கார இடம் வேண்டும் என்றார். பஸ்ஸில் சிரிப்பு கிளம்பியது. கண்டக்டர் என் பக்கம் திரும்பினார்.

"சார், பாத்துச் சொல்லுங்க. நெசமா, நாடகமா?"

"இன்னிக்கு நெசமாத்தானுங்க சார்," என்றார் அந்தப் பெண்.

என் வாயில் எச்சில் ஊறியது. அடிவயிறு சுருங்கியது. இதை மறைத்துப் பயனில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் இருந்தவள் மடியில் கைக்குழந்தை. எழுவதானால் நான்தான் எழ வேண்டும்.

"நாடகந்தான். போன தடவையவிட நல்லா வருதும்மா," என்றேன். பஸ்ஸே சிரித்தது.

ஏழெட்டு வளைவு தாண்டியதும் அவர் கம்பியை விட்டு விழுந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. உட்கார்ந்திருந்தாலும் அடைத்திருக்கும் என்று என் மகன் ஆறுதல் சொல்கிறான். இருக்கலாம். நின்றபடி விழுந்ததில் இடுப்பெலும்பும் முறிந்ததற்கு அவனிடம் ஆறுதல் இல்லை.

தை மாதம்தான் அவர் வீட்டுக்குப் போகத் துணிந்தேன். கட்டிலில் படுத்திருந்தார். முகத்தில் ஒரு பாதி அசையவில்லை. காபி கொண்டுவந்த கணவர், "இப்ப எந்த சீட்டு வேணும்னாலும் குடுப்பாங்க சார். பஸ்சுல ஏறோணுமே," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

"நான் தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன்மா," என்றேன். "உங்களுக்கு நெசமாவே முடியலைன்னு எனக்குத் தெரிஞ்சுது."

அவர் தலையை என் பக்கம் திருப்பினார். பேசும்போது நாக்குக் குழறியது.

"எத்தன தடவ பொய் சொல்லியிருக்கறனுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க. மனசுல ஒண்ணுமில்லீங்க சார்."

அசைகிற பாதி முகத்தால் சிரித்தார்.

மன்னிக்கப்பட்டவனுக்கு உள்ளே ஏதாவது இளக வேண்டும் என்று காத்திருந்தேன். ஒன்றும் அசையவில்லை. தேடி வந்த வயதானவனைச் சும்மா திருப்பி அனுப்பக் கூடாதென்று அவர் சிரித்தார். அதற்கு மேல் அந்தச் சிரிப்பில் எதுவும் இல்லை.

"சரிங்கம்மா," என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்து முடித்தேன்.