நடுவில் மைனஸ்

குவியலுக்குள் கையை விட்டதும் சுகன்யா கண்ணை மூடிக்கொள்கிறார். விரல்கள் செல்போன் சார்ஜர்களை ஒதுக்கித் தள்ளுகின்றன. கனமாக ஒன்று தட்டுப்பட்டதும் நின்றுவிடுகின்றன. "பழசுன்னா கனமா இருக்கும்ணா. உள்ள செம்புக் கம்பி சுத்தி வச்சிருப்பான்" என்கிறார். வில்லியனூர் பழைய இரும்புக் கடை ஆதிமூலம் இதை எத்தனையோ சனிக்கிழமைகளாகக் கேட்டுவருபவர். "எடுத்துக்கினு போம்மா. எனக்குக் குவியலாவது கொறையும்."

வீடியோ கேம் பெட்டிகள், அதுவும் முப்பது வருடத்துப் பழையவை, சுகன்யாவைத் தேடி வருகின்றன. பெட்டி இருக்கும், அடாப்டரோடு சேர்ந்த கரண்ட் ஒயர் இருக்காது. அதைத் தேடித் தருவதுதான் அவர் செய்வது. வயது நாற்பத்து மூன்று. திருபுவனைத் தொழிற்சாலை ஒன்றில் மிக்சிக்கு ஒயர் பொருத்தும் வேலை பதினாறு வருடமாக. வீட்டில் ரைஸ் குக்கர் அட்டைப் பெட்டி நிறைய அடாப்டர்கள். ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்திரி ஒட்டி, எத்தனை வோல்ட், முனையில் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று நீலப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். முனை பொருந்தினால் போதும் என்று யாராவது சொன்னால் முகம் மாறிவிடும். "செருப்பு பொருந்துதுன்னு அடுத்தவங்க செருப்பப் போட்டுக்கினு போவீங்களா?"

இந்தப் பித்து பத்து வயதில் பிடித்தது. பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்த பெரியப்பா விடுமுறைக்கு வந்தபோது, அண்ணன் டேனியலுக்குக் கறுப்பாக ஒரு கேம் பெட்டி கொண்டுவந்தார். அடுத்த மாதமே ஒயரின் முனை ஆட்டம் கண்டுவிட்டது. ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் படம் நிற்கும். டேனியலும் தெருப் பையன்களும் ஆட, சாய்த்துப் பிடிக்கும் வேலை தங்கைக்கு. "அசையாதடி, படம் போயிடும்!" கோடை விடுமுறை முழுக்க அப்படியே போனது. ஒரு ஆட்டம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த ஆட்டத்தின் பாட்டுச் சத்தத்தையும், விரல் நுனியில் ஏறிய இளஞ்சூட்டையும் சொல்லும்போது சுகன்யாவின் குரல் குழைகிறது. "அவங்க டிவியப் பார்த்தாங்க. நான் ஒயரப் பார்த்தேன்."

போன மாசியில் மடுகரையிலிருந்து நவநீதன் வந்தார். உரக்கடைக்காரர். வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து இறக்கியதாகச் சொல்லிச் சாக்குப்பையிலிருந்து எடுத்து வைத்தது, டேனியலிடம் இருந்த அதே ரகம். சுகன்யா கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்தபடி இருந்தார்.

"செட்டாப் பாக்ஸ் ஒயரப் போட்டுப் பார்க்கலாமான்னு நெனச்சேன்" என்றார் நவநீதன்.

"போட்டிருந்தா இந்நேரம் மாலைதான் போடணும். இதுக்கு நடுவுல மைனஸ். இதோட வந்த ஒயரு எங்க?"

நவநீதன் வாசலைப் பார்த்தார். "அண்ணன் வூட்ல இருக்கும்."

"அண்ணன் எங்க இருக்காரு?"

"எதிர் வூடுதான்."

ஆறு வருடமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. கடையைப் பாகம் பிரித்தபோது பெட்டி தம்பியோடு போனது, ஒயர் அண்ணன் முத்துக்குமாரோடு போனது.

சுகன்யா மூன்று வாரம் வேறு ஒயர் தேடினார். பாகூர் டிவி மெக்கானிக்கிடம்கூட இல்லை. கடைசியில் மாதா கோயில் பாட்டுக் குழுவின் கீபோர்டு அடாப்டரைப் புரட்டிப் பார்த்தால், ஒன்பது வோல்ட், நடுவில் மைனஸ். இரவல் வாங்கிச் செருகினார். பெட்டி விழித்துக்கொண்டது. பத்து நிமிடம், சின்ன வயதில் கேட்ட அந்தப் பாட்டைக் கேட்டார். ஞாயிறு பூசைக்கு அடாப்டரைத் திருப்பித் தந்தாக வேண்டும். பெட்டியின் உயிருக்குப் பழுதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

பூசை முடிந்து ஸ்கூட்டரை மடுகரைக்கு விட்டார். முத்துக்குமார் கதவைத் திறந்தார்.

"இன்னா வேணும்மா?"

"பழைய கேம் ஒயரு ஒண்ணு உங்ககிட்ட இருக்குதாமே."

"அவன் அனுப்புனானா?"

"நான் வந்தது அவருக்குத் தெரியாதுண்ணா. பெட்டி எங்கிட்ட இருக்குது. ஓடுது."

"ஓடுதா?" என்றார். மறுபடி, "ஓடுதாம்மா?"

உள்ளே போய்த் துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்தார். "தெரியாம வரல இது. வேணும்னுதான் எடுத்துக்கினு வந்தேன். அவன் மட்டும் ஆடக்கூடாதுன்னு." சுகன்யா கையை நீட்டினார். முத்துக்குமார் கொடுக்கவில்லை. "நானே கொண்டாறேன். வூடு எங்கன்னு சொல்லு."

அடுத்த ஞாயிறு மத்தியானம், பெட்டியை வந்து பார்க்கச் சொல்லி சுகன்யா அழைத்திருந்ததால், நவநீதன் முன்னாலேயே அவர் வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் வருவதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அண்ணன் உள்ளே நுழைந்ததும் சட்டென்று எழுந்துவிட்டார். முத்துக்குமார் அவரைப் பார்க்காமல் துண்டைப் பிரித்து ஒயரைச் செருகினார். டிவி நீலமாக ஒளிர்ந்து, பாட்டு கிளம்பியது. மூன்று பேரும் அது ஒரு சுற்று முடியும்வரை நின்றபடியே கேட்டார்கள்.

"ஒயரு சூடாவுதா பாரும்மா" என்றார் முத்துக்குமார், சுகன்யாவிடம்.

"அது அப்பவும் சூடாவும்" என்றார் நவநீதன். "சூடு ஆறட்டும்னு ஈரத்துணி போட்டு அப்பாகிட்ட அடி வாங்குனியே."

நவநீதன் உட்கார்ந்து ஆட ஆரம்பித்தார். முதல் பள்ளத்திலேயே விழுந்தார். அண்ணன் "ச்சு" என்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "சரி, நான் கெளம்புறேன்" என்று யாருக்கும் இல்லாமல் சொல்லி, செருப்பைத் தேடினார்.

சுகன்யா அவரைத் தடுக்கவில்லை. மேசைக்கடியிலிருந்து இன்னொரு கன்ட்ரோலரை எடுத்தார். முறுக்கியிருந்த அதன் ஒயரை நிதானமாக நீவி விட்டு, பெட்டியின் இரண்டாவது துளையில் செருகி, நவநீதனுக்குப் பக்கத்தில் பாயின் மேல் வைத்தார்.